பாரீஸ் வாத்தியார்

பாரீஸ் பட்டணத்துக்கு மகாநாட்டுக்குப் போகிறவர்கள் சோப்புக் கட்டியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அங்கே ஓட்டல்காரன் துண்டு கொடுப்பான், தண்ணீர் கொடுப்பான், சோப்பு மட்டும் கொடுக்கமாட்டான். ராத்திரி படுக்குமுன் பாதரட்சையைக் கதவுக்கு வெளியே விட்டுவிடலாம். களவு போகாது. காலையில் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அறையில் மெழுகுவத்தி ஏற்றினால் அதற்குத் தனிக் காசு. குதிரை வண்டியில் ஏறுமுன் வண்டிக்காரனிடம் நம்பர் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது கூலிக்கு மேலே அவன் குடிக்க ஏதாவது கொடுக்காவிட்டால் நடுத்தெருவில் நம் மானத்தை வாங்கிவிடுவான். ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். சபையில் எல்லோரும் தொப்பியைக் கழற்றினாலும் நாம் தலைப்பாகையைக் கழற்ற வேண்டியதில்லை.

நான் வஞ்சுளவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு நான் போன தூரதேசம் பக்கத்தில் இருக்கிற சுந்தரபாண்டியம், அதுவும் என் அத்தை செத்ததற்கு. என் அகத்துக்காரர் சக்ரபாணி ஐயங்கார் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி, அடுப்படியில் கிடந்த எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. யாருக்காவது வேண்டுமானால் நானே சொல்வேன். அவரைவிட ஒன்றும் மோசமாகச் சொல்லிவிடமாட்டேன்.

அவர் ஹைஸ்கூலில் வாத்தியார். அதற்கு மேல், பரம்பரையாக ஆண்டாள் கோயில் கோஷ்டியில் இடம் உள்ளவர். பெருமாள் முன்னால் வரிசையாக நின்று பாசுரம் சேவிக்கிறவர்களுக்குத் தீர்த்தமும் சடாரி மரியாதையும் உண்டு. அந்த வரிசையில் அவர் அப்பா நின்றார், தாத்தா நின்றார். எங்கள் வீட்டுக்கு இருந்த சொத்து, கௌரவம் எல்லாம் அந்த நிற்கிற இடம்தான்.

விக்டோரியா மகாராணி காலமாவதற்கு முந்தின வருஷம் அவருக்குப் பாரீஸிலிருந்து அழைப்பு வந்தது. நம் கோயில் உற்சவங்களைப் பற்றி அவர் இங்கிலீஷில் எழுதியதை ஒரு துரை படித்துவிட்டுச் சிபாரிசு செய்திருந்தார். பல தேசத்துப் பண்டிதர்கள் கூடுகிற மகாநாடாம். ராஜபாளையத்துப் பெரிய மனிதர்கள் கூடி வழிச்செலவை ஏற்றுக்கொண்டார்கள். நம் பக்கத்து ஆள் ஒருவர் சீமைச் சபையில் பேசப்போகிறார் என்று அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குப் பெருமையும் இல்லை, மண்ணும் இல்லை. எங்களுக்கு ஒரே பெண், அரவிந்தவல்லி. அவளுக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. அந்த வயதுக்குமேல் பெண்ணைக் கல்யாணம் பண்ணாமல் வீட்டில் வைத்திருந்தால் எங்கள் ஜாதியில் அப்பனையும் அம்மாவையும் ஏசியே தின்றுவிடுவார்கள். திருக்குறுங்குடியில் வரன் நிச்சயமாகியிருந்தது. பையன் திருநெல்வேலியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்க வந்தவன், "படிக்கத் தெரியுமா?" என்று அவளை நேராகவே கேட்டான். தெரியும் என்று அவள் சொன்னதும் அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இவள் இவனிடம் நன்றாக இருப்பாள் என்று அந்த நிமிஷமே நினைத்துக்கொண்டேன்.

கடல் தாண்டினால் கோஷ்டியில் இடம் போகும். கோஷ்டி போனால் வரன் போகும். இது தெரியாமல் அவர் துள்ளவில்லை. கோஷ்டியில் மூத்தவரான ஸுந்தரராஜன் ஸ்வாமியிடம் போய்க் கேட்டார். "போய்ட்டு வாரும். ஆசாரத்துக்குப் பங்கமில்லாமல் வந்தீரானால், பிராயச்சித்தம் பண்ணிண்டு சேர்த்துக்கலாமான்னு யோசிக்கலாம்" என்றார் அவர். திருக்குறுங்குடி சம்பந்தியும், "கோஷ்டியிலே சேர்த்துண்டா நாங்களும் சேர்த்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். இந்த 'யோசிக்கலாம்' என்ற ஒரு வார்த்தையை நம்பி என் பெண்ணின் வாழ்வை ஈடு வைத்தார்.

அவர் புறப்படும்வரை வீட்டில் யோசனை சொல்ல வந்தவர்கள் கூட்டம்தான். பாரீஸ் எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாதவன்கூட யோசனை சொன்னான். ஒருவர், அங்கே பனி காதுக்குள் போனால் காது உதிர்ந்துவிடும், பஞ்சு நிறையக் கொண்டுபோம் என்றார். இன்னொருவர், அங்கே வெயில் காலத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறதாம், சந்தியாவந்தனம் எத்தனை மணிக்குப் பண்ணுவீர் என்று மடக்கினார். நான் புளிக்காய்ச்சல் காய்ச்சினேன், சத்துமாவு திரித்தேன், அப்பளம் இட்டேன், திருமண் கட்டியைத் துணியில் சுற்றிவைத்தேன். ஆனி மாதம் சாத்தூர் ரயிலுக்கு வண்டி பூட்டிக்கொண்டு போனார். பம்பாயில் கப்பல்.

கார்த்திகையில் திரும்பி வந்தார். வீட்டுக்கு வரவிடாமல் நேரே ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போய் இறக்கி, மாலை போட்டு, மேளம் வைத்து, பஞ்சு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியின் முற்றத்தில் மேடை போட்டுப் பேசச் சொன்னார்கள். சேத்தூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்களாம். பாரீஸ் வீதி, விளக்கு, மகாநாட்டு மண்டபம் என்று பேசிக்கொண்டே போனவர், கைதட்டல் ஓயக் கூடாதென்று, "வெள்ளைக்காரப் பண்டிதர்கள் நடுவில் ஒரே மேஜையில் எனக்கும் ஆசனம் போட்டார்கள். நான் பழம் மட்டும் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டார். இவர் வீடு வந்து சேருமுன் அந்த மேஜை ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்துவிட்டது.

மார்கழி பிறந்தது. இருட்டோடு குளித்து, பன்னிரண்டு திருமண்ணும் சாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். நானும் அரவிந்தமும் பெண்கள் பக்கம் நின்றோம். சேவித்து முடிந்து தீர்த்தம் வந்தது. அர்ச்சகர் ஒவ்வொரு கையாகத் தீர்த்தம் விட்டுக்கொண்டே வந்தார். இவர் கையை நீட்டினார். அர்ச்சகர் இவரைத் தாண்டி அடுத்த கைக்குப் போனார். இவர் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல், தொங்கவிடவும் தெரியாமல் நின்றார். பிரகாரத்தில் ஸுந்தரராஜன் ஸ்வாமி மெதுவாகத்தான் சொன்னார்: "மிலேச்சனோட ஒரே மேஜையிலே உட்கார்ந்தேன்னு நீரே மேடை போட்டுச் சொல்லியிருக்கீர். இனிமே நான் என்ன யோசிக்கறது?"

தை பிறப்பதற்குள் திருக்குறுங்குடியிலிருந்து ஆள் வந்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அரவிந்தம் அழவில்லை.

வெளியே தீர்த்தம் இல்லாத மனுஷருக்கு வீட்டில் ஆராதனை நடந்தது. ஊர் அவருக்குப் 'பாரீஸ் வாத்தியார்' என்று பட்டம் கட்டியது. சீமைக்குப் போக நினைக்கிற வக்கீல், வியாபாரி, மதுரைப் படிப்பாளி எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர் பலகையில் உட்கார்ந்துகொண்டு சோப்பிலிருந்து தொடங்குவார். அவருக்குக் கோயில் போன துக்கம் இருந்தது. நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் யாராவது வாசலில் வந்து "பாரீஸ் வாத்தியார் இருக்காகளா?" என்று கேட்டுவிட்டால் அந்தத் துக்கம் எங்கே போகும் என்று தெரியாது.

மாசியில் சாகுல் ஹமீது வந்தார். சாய வியாபாரி. பம்பாயில் சரக்கு எடுத்து இங்கே நெசவுக்காரர்களுக்கு விற்கிறவர். என் அகத்துக்காரர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். வாசலில் தள்ளி நின்றுகொண்டு ஒரு பித்தளைச் செம்பை நீட்டினார்.

"அம்மா, இது சாமியோட செம்பு. பம்பாயில விட்டுட்டு வந்துட்டாகளாம். அந்தக் கணக்குப்பிள்ளைமாரு குடுத்துவிட்டாக."

"எந்தக் கணக்குப்பிள்ளை?"

"நம்ம பக்கத்துக்காரவுகதான். அவிய வீட்டுலதான சாமி தங்கி, அவியளுக்கும் சேத்துச் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாக. ஆவணி, புரட்டாசி பூரா நானும் அங்கனதான் கெடந்தேன். தெனமும் பாப்பேன். கப்பல் வந்துட்டாப் போதும், சாமி துறைமுகத்துக்கு ஓடிருவாக. சீமையில இருந்து எறங்குற பார்ஸிக்காரன், துரைமாருகிட்ட வேல பாக்குற சமையக்காரன், ஒருத்தன விடமாட்டாக. அங்க ஓட்டல் எப்படி, வண்டி எப்படின்னு எம்புட்டுக் கேள்வி!"

மகாநாடு நடந்தது ஆவணியில். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சாகுல் ஹமீதுக்கு என் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. "நான் பொறவு வாரேம்மா" என்று போய்விட்டார்.

சாயங்காலம் என் அகத்துக்காரர் வந்ததும் செம்பை முன்னால் வைத்தேன். அதைப் பார்த்ததும் அவரே உட்கார்ந்துவிட்டார்.

"டிக்கெட் கையிலே இருந்துது, வஞ்சுளா. கப்பல் ஏறற பலகையிலே கால் வச்சேன். கீழே தண்ணி தெரிஞ்சுது. கோஷ்டி ஞாபகம் வந்துது, அரவிந்தம் ஞாபகம் வந்துது. கால் வரலை. கப்பல் போயிடுத்து. கட்டுரையைத் தபால்லே அனுப்பிச்சேன், யாரோ படிச்சாளாம்."

"அன்னிக்கே திரும்பி வந்திருந்தா நான் உங்க காலைக் கண்ணிலே ஒத்திண்டிருப்பேனே! ஏன்னா இப்படிப் பண்ணினேள்?"

"வழிச்செலவு கொடுத்த ராஜபாளையத்து ராஜாக்கள் மூஞ்சியிலே எப்படி முழிப்பேன்? கோஷ்டிப் பெரியவாகிட்ட மட்டும் ரகசியமா உண்மையைச் சொல்லிடலாம், ஊர் போனதா நினைச்சுண்டு போகட்டும்னு நினைச்சேன்."

இரண்டு கையிலும் லட்டு வேண்டியிருந்தது அவருக்கு. ஊருக்கு அவர் கடல் தாண்டினவர், கோயிலுக்குத் தாண்டாதவர். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுமுன் மேளம் கொட்டிவிட்டார்கள். மேளம் கேட்டதும் மேஜை வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. சாப்பிடாத மேஜைக்கு, ஏறாத கப்பலுக்கு, என் பெண்ணின் கல்யாணம் போனது. அன்றைக்கு நான் அவரைப் பேசிய பேச்சை எழுத முடியாது.

"நாளைக்கே போய் ஸ்வாமிகிட்ட சொல்லுங்கோ. திருக்குறுங்குடிப் பையனுக்கு இன்னும் வேறே இடம் திகையலை" என்றேன்.

சொல்கிறேன் என்றார். பங்குனி போனது. அதற்குள் ராஜபாளையத்து சஞ்சீவி ராஜா வந்து மாட்டிக்கொண்டார். பருத்தி வியாபாரி, தாராள மனசுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பாரீஸில் பருத்திக்காரர்கள் மகாநாடு ஒன்றுக்கு அவர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து யோசனை கேட்டார். "ராஜா போற நேரத்துலே நான் போகலைன்னு சொன்னா அவர் கலங்கிப் போயிடுவார். அவர் திரும்பி வரட்டும்" என்றார் என் அகத்துக்காரர். பொய்யைத் தள்ளிப்போட எவ்வளவு நல்ல காரணம் பாருங்கள்!

ராஜா ஆவணியில் திரும்பினார். அவருக்கும் மாலை, மேளம். அவர் கோஷ்டியில் நிற்கிறவர் இல்லை, ஆகையால் அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோயிலுக்கு ஒரு வெள்ளிக் குடம் செய்து கொடுத்தார். நிஜமாகவே கடலைத் தாண்டி, நிஜமாகவே மேஜையில் சாப்பிட்டவர் கொடுத்த குடத்தில் தீர்த்தம் எடுத்தார்கள்.

இனிப் பொறுக்க முடியாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சோறு பொங்கமாட்டேன் என்றுகூடச் சொன்னேன். அவர் போய் ஸுந்தரராஜன் ஸ்வாமியிடம் உண்மையைச் சொன்னார். பெரியவர் சட்டென்று தள்ளிவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோஷ்டிக்காரர்களைத் தம் வீட்டில் கூட்டி, எல்லார் முன்னாலும் சொல்லும், விசாரிக்கிறோம் என்றார். நான் சாகுல் ஹமீதுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து தெருவில் வெயிலில் நின்றார், கூப்பிட்டால் சாட்சி சொல்ல. நான் பெண்களோடு உள்கூடத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அரவிந்தம் என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் அகத்துக்காரர் நன்றாகத்தான் தொடங்கினார். "பெருமாள் ஆணையா நான் பம்பாயைத் தாண்டலை. கடல் நீர் என் காலில் படலை. ராஜபாளையத்திலே சொன்னதெல்லாம் பொய். பொய் சொன்னதுக்கு என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்கோ. தாண்டினதுக்கு வேண்டாம்." குரல் நடுங்கியது. எனக்கு அவர்மேல் பழைய பிரியம் திரும்பி வந்தது. ஆமாம், வந்தது.

"போகாமலா இவ்வளவும் சொன்னீர்?" என்றார் ஒருவர்.

"கேட்டுத் தெரிஞ்சுண்டது."

"கேட்டே இவ்வளவு துல்லியமாவா?"

ஸுந்தரராஜன் ஸ்வாமி கையமர்த்தினார். அவர் முகத்தில் இளக்கம் தெரிந்தது. பெண் இருக்கிறது, பாவம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். வாசலில் நின்ற சாயக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று பெரியவர் சொல்ல வாயெடுத்தார்.

அந்த நேரம் பார்த்து சஞ்சீவி ராஜா வந்து சேர்ந்தார். வாத்தியாரை விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவருக்கு ஆதரவாகப் பேச வேண்டும் என்று ராஜபாளையத்திலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நல்ல மனுஷர். நல்ல மனுஷரால் வருகிற கேட்டைத் தடுக்க வழியே இல்லை. கூடத்து ஓரத்தில் நின்று கும்பிட்டார்.

"சாமிகாரு போகலைன்னு யார் சொன்னது? அவுங்க மட்டும் இல்லைன்னா நான் அங்க நடுத்தெருவுல நின்னிருப்பேன். சோப்பு, வண்டி, நம்பர் சீட்டு, ராத்திரி நேரங்கழிச்சு வந்தா வாசல்காரிகிட்ட பேரைச் சொல்லிக் கதவு தொறக்கச் சொல்றது, அம்புட்டும் அவுங்க சொன்னபடியே இருந்துச்சு. கண்ணால பாக்காம இப்படி யாரால சொல்ல முடியும்?"

கதவிடுக்கில் நான் என் அகத்துக்காரரைப் பார்த்தேன். குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. தோள் விரிந்தது. வேண்டாம், வேண்டாம் என்று நான் உள்ளே நின்று வேண்டிக்கொண்டேன்.

ராஜா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுதான் சாமி தப்பு. அந்த மெழுகுவத்தி. ஓட்டல்ல மெழுகுவத்தியே கெடையாது. எல்லாம் எலெக்ட்ரிக் வெளக்கு."

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அது உங்க ஓட்டல்லே இருக்கும், ராஜா" என்றார் என் அகத்துக்காரர். குரல் இப்போது நடுங்கவே இல்லை. வகுப்பில் பேசுகிற குரல். "நான் தங்கின ஓட்டல்லே மெழுகுவத்திதான்."

அவருக்கே தாம் என்ன சொன்னோம் என்று உறைக்க இரண்டு மூச்சு நேரம் ஆயிற்று.

"அவர் போகலை! பம்பாயைத் தாண்டலை! வாசல்லே சாட்சி நிக்கறது, கேளுங்கோ!" என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். அந்தச் சபையில் ஒரு பொம்மனாட்டி குரல் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பக்கத்தில் நின்றவர்கள் என் வாயைப் பொத்தினார்கள்.

"போதும், சக்ரபாணி" என்றார் ஸுந்தரராஜன் ஸ்வாமி. கோபத்தோடு அல்ல, இரக்கத்தோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை. "பெண்ணைக் கரையேத்தறதுக்காகப் பெருமாள் பேரிலேயே பொய்ச் சத்தியம் பண்ணத் துணிஞ்சுட்டீர். உம்ம நிலைமை புரியறது. ஆத்துக்குப் போம்."

சாகுல் ஹமீதை யாரும் கூப்பிடவில்லை. கூட்டம் கலைந்து வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. திட்டுவதற்கு ஒருவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருக்க வேண்டும்.

திருக்குறுங்குடிப் பையனுக்கு ஐப்பசியில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. எங்களுக்கு வரன் கிடைத்தது தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கோ ஒரு கிராமத்தில். தாரம் இழந்தவர். அவருக்கும் என் அகத்துக்காரருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. பெண்ணின் அப்பா கடல் தாண்டினாரா மலை தாண்டினாரா என்று அவர் கேட்கவில்லை, ஆகையால் நாங்களும் அவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தரகன் சொன்னதோடு சரி. விடிகாலையில் நாலு பேரை வைத்துக் கல்யாணம் நடந்தது. கோஷ்டியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அடுத்த வருஷம் தை மாதத்தில் பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளையின் தமக்கை வந்தாள். வண்டி வாசலில் நின்றது. அரவிந்தம் எனக்கு நமஸ்காரம் பண்ணினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. அப்பாவுக்கு நமஸ்காரம் பண்ணி எழுந்தவள் நகராமல் அங்கேயே நின்றாள். கேலி இல்லை, கோபம் இல்லை, நிஜமாகவே பயந்துபோய்த்தான் கேட்டாள்:

"அப்பா, அங்க நான் எப்படி இருந்துக்கணும்? ஏதாவது சொல்லுங்கோப்பா. எல்லாருக்கும் சொல்றேளே."

அவர் அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். ஏதோ தொடங்கப் போகிறவர்போலத் தொண்டையைச் செருமினார்.

"நான் அந்த ஊர் பார்த்ததில்லையேம்மா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். பெண்ணை அனுப்புகிற நேரத்தில் சிரிக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்று மாப்பிள்ளையின் தமக்கை வண்டிக்குள்ளிருந்து என்னை ஏசினாள். தெருவும் ஏசியது. வண்டி திரும்பி மறைகிறவரை என்னால் நிறுத்த முடியவில்லை.